ஈட்டை எங்கே வைப்பது: ஈரநில வங்கியும் ஒரு நகரப் பூங்காவும்

நியூயார்க் மாநகரின் ஐந்து பகுதிகளில் மக்கள்தொகையில் மிகச் சிறியது ஸ்டேட்டன் தீவு. அதன் மேற்குக் கரைக்கும் நியூஜெர்சி மாநிலத்துக்கும் நடுவே ஆர்தர் கில் என்ற ஓத நீரிணை ஓடுகிறது. எதிர்க்கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, கிடங்குகள். இக்கரையில் விரைவுச் சாலை, பழைய தொழிற்கூடங்கள், அவற்றுக்கிடையே மிஞ்சி நின்ற உவர்ச் சதுப்பு. சற்றுத் தெற்கே போனால் ஃபிரெஷ் கில்ஸ். 1948இல் அந்தச் சதுப்பின் மேல் குப்பை கொட்டத் தொடங்கிய மாநகரம் 2001 வரை நிறுத்தவில்லை. ஏறத்தாழ 2,200 ஏக்கர் வளாகத்தில் குப்பை மலைகள் எழுந்தன. இந்தச் சுற்றுப்புறத்தில்தான் சா மில் கிரீக் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் நம் மனத்தில் எழும் ஊஞ்சலும் நடைபாதையும் அங்கே கிடையாது. நகரப் பூங்காத் துறையின் பெயரில் பதிவான ஓதச் சதுப்பு அது. பல பத்தாண்டுகளாக நிரப்பு மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டு, ஃபிராக்மிட்டிஸ் என்ற நாணல் மட்டுமே செழிக்கும் இடமாக மாறிப்போயிருந்தது. 2012ஆம் ஆண்டின் சாண்டி புயலுக்குப் பிறகு, அந்தப் பூங்காவில் ஏறத்தாழ 70 ஏக்கரை மாநகரம் தன் முதல் ஈரநில வங்கியாக்கியது. அந்தத் திட்டத்தை முன்வைத்து ஒரே ஒரு கருத்தை இந்த அவையில் வாதிட விரும்புகிறேன். ஈரநில வங்கி என்ற ஏற்பாட்டின் பெருங்குறை அதன் சந்தைத்தன்மை அன்று. அது இடத்தைக் கணக்கில் கொள்ளாததே பெருங்குறை. நகரப் பூங்காவுக்குள் வங்கி வைப்பது அந்தக் குறையைக் களையக்கூடிய மிகச் சில வழிகளில் ஒன்று. ஆனால் அதற்குக் கடுமையான நிபந்தனைகள் வேண்டும்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் 1780களில் சுமார் 22 கோடி ஏக்கராக இருந்த ஈரநிலம் 1980களில் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. விவசாயம்தான் அதில் பெரும்பகுதியை விழுங்கியது; நகரங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவு, நீர்நிலையில் மண் கொட்டி நிரப்ப ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும் என்றது. சதுப்பை நிரப்பிக் கட்டுவதில் பேர்பெற்ற ஒரு துறையே சதுப்பின் காவலாளியானது. இதை வரலாற்றின் குறும்பு என்றே சொல்லலாம். 1980களின் இறுதியில், முதல் ஜார்ஜ் புஷ் ஆட்சியில், ‘நிகர இழப்பு கூடாது’ என்பது நாட்டின் கொள்கையானது. அழிவைத் தவிர், தவிர்க்க முடியாவிட்டால் குறை, குறைத்த பின்னும் மிஞ்சுவதற்கு ஈடு செய். இந்த வரிசை 1990இல் எழுத்தில் உறுதியானது. தொடக்கத்தில் நிரப்பியவரே ஈடும் செய்தார். வணிக வளாகத்தின் பின்புறம் அரை ஏக்கரில் ஒரு குட்டை வெட்டப்படும்; நாலு செடி நடப்படும்; படம் எடுக்கப்படும்; கோப்பு மூடப்படும். மறுபடி யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். இந்த ஏமாற்றுக்கு மாற்றாக வந்ததுதான் வங்கி.

ஒருவர் முன்கூட்டியே, பெரிய அளவில், ஒரே இடத்தில் சதுப்பை மீட்கிறார். பொறியாளர் படையும் மற்றத் துறைகளும் சேர்ந்த ஆய்வுக் குழு அந்த மீட்பை மதிப்பிட்டு, அதற்கு இத்தனை வரவு என்று எழுதுகிறது. அந்த வங்கிக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள் சதுப்பைப் பாதிக்கும் எவரும் அந்த வரவை விலைக்கு வாங்கித் தம் பற்றை நேர் செய்துகொள்ளலாம். விற்றபின் அந்த மீட்பு பிழைக்குமா என்ற பொறுப்பு வங்கியாளர் தலையில் விழுகிறது. இதில் நுட்பமான அம்சம் ஒன்று உண்டு. வரவு முழுவதும் ஒரேயடியாகக் கைக்கு வராது. நிலத்தைச் சட்டப்படி நிரந்தரமாகக் காத்துவைத்து, பிணைத்தொகையும் கட்டினால் ஒரு பங்கு. அதன்பின் ஓதம் சரியாகப் புகுந்ததா, நட்டது வேர் பிடித்ததா, வேண்டாத இனம் அடங்கியதா என்று குறித்த அளவுகோல்களை எட்ட எட்ட மீதிப் பங்குகள். கண்காணிப்பு குறைந்தது ஐந்தாண்டு. சதுப்பு தேறாவிட்டால் விற்கச் சரக்கில்லை. 2008ஆம் ஆண்டின் கூட்டாட்சி விதி, ஈடு செய்யும் வழிகளில் வங்கிக்கு முதலிடம் கொடுத்ததற்கு இதுவே முக்கியக் காரணம். என் மதிப்பீட்டில் இந்த ஏற்பாட்டின் நல்லதெல்லாம் இந்தப் படிப்படியான விடுவிப்பில்தான் இருக்கிறது. சந்தை என்ற சொல்லைக் கேட்டதும் உற்சாகப்படுவோரும் சரி, ஒவ்வாமை கொள்வோரும் சரி, இதைக் கவனிப்பதில்லை.

இனி குறைக்கு வருவோம். வங்கியாளர் வணிகர் என்றால் நிலத்தை மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான் வாங்குவார். மலிவு நிலம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது. வரவு வாங்க வேண்டியவர்களோ நகரத்திலும் அதன் விளிம்பிலும் கட்டுகிறவர்கள். ஆகவே ஒவ்வொரு பரிமாற்றத்திலும் சதுப்பு நகரத்தை விட்டு வெளியேறுகிறது. சட்ட அறிஞர்கள் ஜே. பி. ரூலும் ஜேம்ஸ் சால்ஸ்மனும் ஃபுளோரிடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வங்கிகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு இதையே காட்டியது: அழிந்த சதுப்புகள் மக்கள் அடர்ந்த இடங்களில் இருந்தன, ஈடாக வந்தவை மக்கள் அருகிய இடங்களில். ஏக்கர்க் கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் சதுப்பு செய்யும் வேலை ஏக்கரில் இல்லை. மழைநீரைத் தேக்கித் தெருவில் வெள்ளத்தைக் குறைப்பதும், சாலையிலிருந்து வழியும் கழிவைப் பிடித்து வைப்பதும், கோடையில் சுற்றுப்புறத்தைத் தணிப்பதும் அது இருக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குத்தான். ஊர்க் கிணற்றை மூடிவிட்டு அடுத்த வட்டத்தில் ஒரு கிணறு வெட்டி, எண்ணிக்கை குறையவில்லை என்று கணக்குக் காட்டினால் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவர் என்ன சொல்வார்? 2008 விதி வடிநிலப் பார்வை வேண்டும் என்று சொல்வது உண்மை. ஆனால் வடிநிலம் பெரிதாக வகுக்கப்பட்டால் அதற்குள்ளேயே நகரமும் காடும் இரண்டும் அடங்கிவிடும்.

நியூயார்க்கில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. அந்த மாநகரம் தன் கடலோரச் சதுப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இழந்துவிட்டது. மிஞ்சியதில் கணிசமான பகுதி பூங்காத் துறையின் கையில் இருக்கிறது; தனியார் கையில் இருந்த சதுப்பு எப்போதோ கிடங்காகவும் விமான நிலையமாகவும் ஆகிவிட்டது. அங்கே நிலம் விற்கும் விலைக்கு எந்த வணிக வங்கியாளரும் நகரத்துக்குள் வரமாட்டார். ஆகவே நகரத்தில் அழியும் சதுப்புக்கு நகரத்துக்குள்ளேயே ஈடு வேண்டுமென்றால், பொதுநிலத்தைத் தவிர வேறு இடமே இல்லை. கரையோரத்தில் நடக்கும் பாதிப்புகளும் பெரும்பாலும் சிறியவை: பழைய கரைச்சுவரை ஓர் அடி முன்தள்ளிக் கட்டுவது, படகுத்துறைக்குத் தூண் இறக்குவது போன்றவை. இவற்றுக்குத் தனித்தனியாக ஈடு தேடினால் நான் மேலே சொன்ன அரை ஏக்கர்க் குட்டைதான் மிஞ்சும். அவற்றையெல்லாம் திரட்டி, ஒரே ஓடையின் இருகரையிலும் நிரப்பு மண்ணை வாரி எடுத்து, தரைமட்டத்தைத் தாழ்த்தி ஓதத்தை உள்ளே விட்டு, நாணலை அகற்றி, ஸ்பார்டினா என்னும் உவர்ப்புல்லை நடுவது அறிவுடைய செயல். சா மில் கிரீக்கில் வகுத்த வேலை இதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். சாண்டிப் புயலின் நினைவைக் காட்டி இந்தத் திட்டத்தை நியாயப்படுத்துவோர் அளவுக்கு மீறிச் சொல்கிறார்கள். அந்தப் புயலில் நியூயார்க் நகரில் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்டேட்டன் தீவினர்தாம். ஆனால் அந்த மரணங்கள் பெரும்பாலும் கடலை நேரே பார்க்கும் கிழக்கு, தெற்குக் கரைகளில் நிகழ்ந்தன. மேற்குக் கரைச் சதுப்பு ஒன்றை எவ்வளவு அழகாக மீட்டாலும் அது கிழக்குக் கரையிலுள்ள மிட்லண்ட் பீச்சின் வீடுகளைக் காத்திருக்காது. தவிரவும், அத்தகைய புயலலையைப் புல் தடுத்து நிறுத்தாது. சிறு புயல்களின் அலை வேகத்தை உறிஞ்சும், அருகில் இருக்கும் தொழிற்பகுதியின் மழைநீருக்கு ஓர் இடம் தரும், மீன் குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் வாழிடம் ஆகும். இவை போதும். மிகைப்படுத்தல் தேவையில்லாத நன்மைகள் இவை. ஒரே தீவுக்குள்கூட ஒரு கரையின் சதுப்பு மறு கரைக்கு உதவாது என்றால், ஈட்டின் இடம் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற என் வாதத்துக்கே இது வலுச் சேர்க்கிறது.

எதிர்வாதங்களில் மிக வலிமையானது இது: பூங்கா ஏற்கெனவே பொதுச்சொத்து. அதைக் காப்பது நகரத்தின் கடமை. செய்ய வேண்டிய கடமையைச் செய்துவிட்டு அதை வரவாக எழுதி விற்பது, பிள்ளைக்குச் சோறு போட்டதற்குச் சம்பளம் கேட்பதற்கு ஒப்பாகாதா? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2008 விதியை எழுதியவர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். பொதுநிலத்தில் ஈடு செய்தால், ஏற்கெனவே திட்டமிட்ட அல்லது நடைமுறையில் உள்ள பொதுத் திட்டங்கள் தரும் பயனுக்கு மேலே புதிதாகக் கிடைக்கும் பயனுக்கு மட்டுமே வரவு தர வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. ஆனால் ‘திட்டமிட்ட’ என்ற சொல்லில் ஓட்டை இருக்கிறது. வரவாக விற்கும் ஆசையில் ஒரு நகரம் தன் பூங்காச் சதுப்புகளுக்கு எந்தத் திட்டமும் போடாமல் இருந்துவிடலாம். புறக்கணிப்பே மூலதனமாகிவிடும். இதே தீவில் இதற்கு நேர்மாறான உதாரணம் இருக்கிறது. 1990களிலிருந்து ‘புளூபெல்ட்’ என்ற பெயரில் நகரத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை தீவின் தென்பகுதியில் ஓடைகளையும் நன்னீர்ச் சதுப்புகளையும் மழைநீர் வடிகாலாகப் பயன்படுத்தி மீட்டுவந்திருக்கிறது. புதைசாக்கடை போடுவதைவிட இது மலிவு என்பதால் செய்தார்கள். அதில் யாருக்கும் எந்த வரவும் விற்கவில்லை. ஆக, வரவு இல்லாவிட்டால் நகரச் சதுப்பே மீளாது என்று சொல்பவர் புளூபெல்டைப் பார்க்கவில்லை.

ஆனாலும் சா மில் கிரீக்குக்கு இந்த எதிர்வாதம் முழுவதும் பொருந்தாது. புளூபெல்ட் தன் செலவைத் தானே நியாயப்படுத்தியது, ஏனெனில் அது வடிகால். வீட்டு வரைபடத்தில் நீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை. யாருடைய வீட்டு நீரையும் வடிக்காத, யாரும் நடக்க வராத, குப்பை கொட்டப்பட்ட ஓர் ஓதச் சதுப்புக்காக எந்த நகர மன்றமும் வரிப்பணத்தை ஒதுக்க முந்தாது. காகிதத்தில் பூங்காவாக இருப்பதும் உயிரோடு சதுப்பாக இருப்பதும் வேறு வேறு. காப்பு என்பது நிரப்புவதைத் தடுக்கும். நிரப்பியதை வாரி எடுக்காது. அந்த இடைவெளியில்தான் வரவுக்கு நியாயம் உண்டு. நான் கேட்கும் நிபந்தனை எளியது: எந்தப் பூங்காவில் என்ன மீட்பு நகரத்தின் கடமை, எது அதற்கு மேற்பட்டது என்ற பட்டியலை நகரம் வங்கி தொடங்குமுன்பே வெளியிட வேண்டும். கொட்டியவரை அடையாளம் காண முடிந்த இடத்தில் வாரும் செலவு கொட்டியவருடையது. அதை வரவாக எழுதக் கூடாது.

அடுத்தது அறிவியல் ஆட்சேபம்: இழந்த சதுப்பை மனிதரால் செய்துவிட முடியுமா? அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2001இல் தந்த அறிக்கை, சதுப்பின் செயல்பாடுகளைப் பொறுத்தவரை ‘நிகர இழப்பு கூடாது’ என்ற குறிக்கோள் நிறைவேறவில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னது. தாவிட் மொரேனோ மாத்தியோஸும் சகாக்களும் உலகெங்கும் 621 ஈரநிலங்களின் தரவுகளை ஒப்பிட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வு, நூறாண்டு கழிந்தும் மீட்கப்பட்ட ஈரநிலங்கள் உயிரினக் கட்டமைப்பில் ஏறத்தாழ 26 விழுக்காடும், மண்ணின் கரிமச் சேமிப்பு போன்ற செயல்பாட்டில் ஏறத்தாழ 23 விழுக்காடும் இயற்கையானவற்றைவிடப் பின்தங்கியே இருப்பதைக் கண்டது. எண்களைவிடத் தெளிவாகப் பேசும் ஒரு நிகழ்வு சான் டியேகோவில் உண்டு. நெடுஞ்சாலைப் பணிக்கு ஈடாக ஸ்வீட்வாட்டர் சதுப்பில் உவர்ப்புல் நட்டார்கள். அருகிவரும் கிளாப்பர் ரெயில் என்ற சதுப்புக்கோழி அந்தப் புல்லில்தான் கூடு கட்ட வேண்டும். புல் வளர்ந்தது, பச்சையாகவும் இருந்தது, கோழி வரவில்லை. சூழலியலாளர் ஜாய் செட்லரும் அவரது குழுவினரும் ஆராய்ந்தபோது காரணம் மண்ணில் இருந்தது. தூர்வாரிக் கொட்டிய பருமணல் தழைச்சத்தைப் பிடித்து வைக்கவில்லை. ஆகவே புல் கூட்டைத் தாங்கும் உயரத்தை எட்டவில்லை. உரமிட்டார்கள், உரமிட்டவரை உயர்ந்தது, நிறுத்தியதும் தாழ்ந்தது. பல ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகும் அந்தச் சதுப்பு குறித்த பாதையில் போகவில்லை.

இந்தச் சான்றுகளை நான் மறைக்க விரும்பவில்லை. இவையே என் வாதத்தின் இரண்டாவது நிபந்தனைக்கு அடிப்படை. 621 ஈரநில ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: ஓதமோ ஆறோ வந்துபோகும் ஈரநிலங்கள், தேங்கிய பள்ளங்களைவிட விரைவாகத் தேறுகின்றன, 100 ஹெக்டேருக்கு மேற்பட்டவை சிறியவற்றைவிட விரைவாகத் தேறுகின்றன. சா மில் கிரீக்கில் ஓதம் இருக்கிறது. பரப்பு 30 ஹெக்டேரை எட்டவில்லை. ஒன்று சாதகம், ஒன்று பாதகம். ஆனால் அங்கே நடப்பது புதிதாக ஒரு சதுப்பைப் படைப்பது அன்று. சதுப்பாக இருந்ததன் மேலிருந்து சுமையை இறக்குவது. கீழே பழைய கரிச்சேற்று மண் இருந்தால், தரைமட்டமும் சரியாக அமைந்தால், மீதியில் பெரும்பங்கை ஓதம் பார்த்துக்கொள்ளும். ஸ்வீட்வாட்டரில் இல்லாதது அந்த மண்தான். ஆகவே நகரப் பூங்கா வங்கிகளில் மீட்பை மட்டுமே அனுமதிக்க வேண்டும். படைப்பதை அனுமதிக்கக் கூடாது. அளவுகோலிலும் ‘இத்தனை விழுக்காடு பச்சை’ என்பது போதாது. மண், நண்டு, மீன், பறவை வேண்டும். ஐந்தாண்டு என்பது விதி வைத்த அடித்தளம். உவர்ச் சதுப்பு மண்ணுக்கு அது தொடக்கப்பள்ளி வயதுகூட இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் அறம் சார்ந்தது. வரவு கிடைக்கும் என்றால் அழிப்பதற்குத் தயக்கம் போய்விடாதா? தவிர், குறை, ஈடு செய் என்ற வரிசையில் மூன்றாவது படி எளிதானால் முதலிரண்டு படியைத் தாண்டிக் குதிப்பார்கள் என்பது பொய்யான அச்சம் அன்று. சா மில் கிரீக்கில் இது இன்னும் நெருடுகிறது. அந்த வங்கியை முன்னெடுத்தது நகரத்தின் பொருளாதார மேம்பாட்டுக் கழகம். கரையோரக் கட்டுமானங்களை வளர்ப்பதே அதன் தொழில். விற்பவரும் வாங்குபவரின் நலம் நாடுபவரும் ஒருவரே. இந்த நிலையில் வரவின் விலை அழிவைத் தடுக்கும் அளவுக்கு உயர்ந்திருக்கும் என்று நம்ப என்னால் முடியவில்லை. நம் நாட்டில் காட்டுக்கு ஈடாக மரம் நடும் நிதிக்கு 2016இல் தனிச் சட்டமே வந்தது. காடு போன இடம் ஒன்று, மரம் வந்த இடம் வேறொன்று, பணம் செலவாகாமல் கிடந்த ஆண்டுகள் பல என்பதை இந்த அவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இதற்கு விடை ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் இருக்கிறது. 1980களின் இறுதியில், தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கிய மேற்குப் பகுதியில் பெருமளவு ஈரநிலம் என்று தெரியவந்தபோது அந்த நகரம் வங்கியோடு தொடங்கவில்லை, வரைபடத்தோடு தொடங்கியது. எந்த ஈரநிலம் என்றென்றைக்கும் காக்கப்படும், எது மீட்கப்படும், எதைக் கட்டடத்துக்கு விட்டுவிடலாம் என்று மனைமனையாகப் பிரித்து, மக்கள் முன் விவாதித்து, 1992இல் ஒரு திட்டமாக நிறைவேற்றியது. வரவு விற்கும் வங்கியை அதன்பிறகே, அந்தத் திட்டத்துக்குக் கருவியாக, நகரமே நடத்தியது. 1950களில் பொறியாளர் படை நேராக வெட்டிவைத்த அமேசான் ஓடையின் கரைகள் சில இடங்களில் தாழ்த்தப்பட்டு வெள்ளம் மறுபடி புல்வெளிக்குள் வந்தது. யூஜீன் இருக்கும் பள்ளத்தாக்கில் ஈரப் புல்வெளி நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாத நிலையில், அழிந்தேவிட்டதென்று கருதப்பட்டு 1989இல் மறுபடி காணப்பட்ட ஃபெண்டர் நீலப் பட்டாம்பூச்சிக்கும், பிராட்ஷா லொமேஷியம் என்ற செடிக்கும் அங்கே இடம் கிடைத்தது. அந்தச் செடி 2021இல் அருகிய இனப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. முழுப் புகழும் வங்கிக்கு உரியதன்று. கூட்டாட்சி நிலத்துறையும் தொண்டு அமைப்புகளும் உழைத்தன. ஆனால் ‘தவிர்’ என்ற முதல் படியை வரைபடம் செய்து முடித்தபின் ‘ஈடு செய்’ என்ற படியை வங்கி செய்தது. வரைபடம் இல்லாத வங்கி அழிப்பதற்கு உரிமம்தான். அத்தகைய வங்கிக்கு அந்த மூன்றாவது ஆட்சேபம் செல்லுபடியாகும்.

கடைசியாக, கடல். நியூயார்க் துறைமுகத்தில் கடல்மட்டம் நூறாண்டில் ஏறத்தாழ ஓர் அடி உயர்ந்திருக்கிறது. சதுப்பு வண்டலைச் சேர்த்துத் தானும் உயரும். முடியாதபோது நிலத்தை நோக்கிப் பின்வாங்கும். நகரத்தில் பின்வாங்கும் இடத்தில் சாலை நிற்கிறது. மூழ்கப்போவதை ஏன் மீட்க வேண்டும் என்று கேட்பவருக்கு என் பதில், சதுப்பின் மேல்விளிம்பில் இருக்கும் மேட்டுநிலத்தையும் வங்கியின் எல்லைக்குள் சேர்த்துக் காத்து, அதற்கும் வரவு தர வேண்டும் என்பதே. இதையும் பூங்காத் துறைதான் செய்ய முடியும். விற்ற சரக்கை மறந்துவிட்டுப் போக அதற்கு வழியில்லை. வரவுகளெல்லாம் விற்றுத் தீர்ந்தபின் அங்கே முளைக்கும் நாணலைப் பிடுங்க வேண்டியவர்களும் அதன் பணியாளர்களே. ஆகவே ஒவ்வொரு வரவின் விலையிலும் ஒரு பங்கு, பராமரிப்புக்கென நிலையான வைப்பாக, நகரத்தின் பொதுக் கணக்கில் கலக்காமல் ஒதுங்க வேண்டும். வாங்குவோர் குறைவார்களா என்பது வேறு கேள்வி. 2023இல் சாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கூட்டாட்சிச் சட்டத்தின் கை எட்டும் ஈரநிலங்களை வெகுவாகச் சுருக்கியது. பெரிய நீர்நிலையோடு தொடர்ச்சியான மேற்பரப்பு நீர்த்தொடர்பு இருப்பவை மட்டுமே இனி அதன் கீழ் வரும். ஓதம் ஏறியிறங்கும் சா மில் கிரீக்குக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. 1973ஆம் ஆண்டின் நியூயார்க் மாநில ஓதச் சதுப்புச் சட்டமும் அதற்குத் துணை நிற்கிறது. அடி வாங்குவது ஓடையோடு ஒட்டாமல் தனித்துக் கிடக்கும் சிறு நன்னீர்ப் பள்ளங்கள். அவற்றை நிரப்பக் கூட்டாட்சியின் அனுமதி தேவையில்லை என்றால் ஈடும் தேவையில்லை. ஈடு தேவையில்லை என்றால் எந்தப் பூங்காவிலும் அவற்றுக்காக வங்கி பிறக்காது. அங்கே மாநிலச் சட்டமும் புளூபெல்ட் போன்ற நகரச் செலவும்தான் வேலை செய்ய வேண்டும்.